இரண்டாவது கைரேகை

அண்ணி கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கினால் மூடியைக் காதருகே கொண்டுபோய்த்தான் திருகுவார். மூடிக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் வளையம் அறுபடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால், எவ்வளவு தாகமாக இருந்தாலும் கடைக்காரரிடம் திருப்பி நீட்டிவிடுவார். இருமல் மருந்து, எண்ணெய் டின், கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான்.

"பாட்டிலோட ரகசியம் பேசுறா பாரு" என்பான் அண்ணன்.

"உங்களையும் அப்படித் திருகிப் பார்த்திருக்கணும், கட்டிக்கிறதுக்கு முன்னாடி" என்று அண்ணி திருப்பிக் கொடுப்பார்.

அவர்களுக்குக் கல்யாணமான புதிதிலிருந்து நான் பார்த்துவரும் பழக்கம் இது. இவ்வளவு எச்சரிக்கையான ஒருவர் கையால் வேலையில் அப்படியொரு தப்பு எப்படி நடந்தது என்று இன்றும் யோசிக்கிறேன். எச்சரிக்கையாக இருந்ததால்தான் நடந்தது என்றும் சில நேரம் தோன்றுகிறது.

எங்களுக்கு மாடியில் இரண்டு அறை. அண்ணன் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவன் என்பதால் கட்டிலுக்கு அடியில் எப்போதும் யாருடைய கம்ப்ரஸராவது கிடக்கும். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனாலேயே வீட்டில் என் பெயர் மறந்துபோய் 'டிகிரி' ஆகிவிட்டேன். "டிகிரி, மோட்டார போடு" என்பாள் அம்மா. அந்தப் பட்டத்தைக் காட்டி நான் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. கடைசியில், பாலிடெக்னிக் டிப்ளமா படித்த அண்ணிதான் தன் கம்பெனியில் போன் எடுக்கும் வேலைக்கு என்னைச் சேர்த்துவிட்டார்.

கம்பெனி ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை, மூடினால் புழுக்கம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு பெயிண்ட் வாளியை வைத்திருந்தார்கள். கல்லூரிச் சேர்க்கை வாரியத்தின் வெப்சைட்டை நடத்துவதுதான் அந்தக் கம்பெனிக்குப் பெரிய வேலை. பள்ளி முடித்த பிள்ளைகள் அதில் விண்ணப்பம் போட்டு, எந்தக் கல்லூரி முதல் விருப்பம், எது இரண்டாவது என்று வரிசைப்படுத்துவார்கள். அந்தப் பக்கங்களை எழுதியது அண்ணி. விண்ணப்பிக்கிறவர்களின் சந்தேகங்களுக்குப் போனில் பதில் சொல்வது நான். எங்களுக்கு நடுவில் இடுப்பளவு பலகைத் தடுப்பு மட்டும்தான்.

மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஆச்சா'. காலையில் உள்ளே வரும்போது வணக்கம் சொல்வதற்குப் பதிலாக "ஆச்சா?" என்பார். எது ஆச்சா என்று அவருக்கே தெரியாது. யாராவது "ஆச்சு சார்" என்றால் நிம்மதியாகப் போய் உட்கார்ந்துவிடுவார்.

அண்ணியின் வேலையில் எனக்குப் புரிந்த ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒரு வெப்சைட்டின் பக்கம் முழுவதும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. சில துண்டுகள் வேறு கம்பெனிகளின் சர்வரிலிருந்து வரும். எங்கள் விண்ணப்பத்தில் போட்டோவையும் கையெழுத்தையும் சரியான அளவுக்கு வெட்டித் தரும் ஸ்கிரிப்ட் அப்படி ஒரு சின்னக் கம்பெனியிடமிருந்து வந்தது. அங்கே யாராவது அந்த ஃபைலை மாற்றிவிட்டால் நம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அது என்ன வேண்டுமானாலும் செய்யலாம். இதைத் தடுக்க ஒரு வழி உண்டு. ஃபைல் முழுவதையும் கணக்கிட்டு ஒரு நீளமான எழுத்துக் கோவையாகச் சுருக்கலாம். ஒரு காற்புள்ளி மாறினால்கூடக் கோவை அடியோடு மாறிவிடும். அண்ணி அதைக் கைரேகை என்பார். அதை நம் வெப்சைட் பக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டால், பிரவுசர் ஒவ்வொரு முறையும் வந்த ஃபைலின் கைரேகையை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் அந்த ஃபைலை ஓடவே விடாது.

வெளியிலிருந்து வரும் எல்லாவற்றுக்கும் அண்ணி கைரேகை போட்டிருந்தார். யாரும் கேட்காத வேலை.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அன்று, நான் ஹெட்செட்டை மாட்டும் முன்பே போன் அடித்துக்கொண்டிருந்தது.

"போட்டோ ஏறலைங்க. பட்டனே வேலை செய்யல."

அடுத்த போனும் அதே. அதற்கடுத்ததும். ஒரு பிரவுசிங் சென்டர்காரர் அழாக்குறையாகப் பேசினார். "மேடம், கடை வாசல் வரைக்கும் ஜனம். வேலைய விட்டுட்டு வந்து நிக்கிறாங்க. நான் என்னமோ பட்டன ஒளிச்சு வெச்சிருக்கேன்னு நினைக்கிறாங்க. என்னைத் தூக்கிப் போட்டு மிதிக்கிறதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க."

தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணியின் திரையில் சிவப்பாக ஒரு செய்தி நின்றது. போட்டோ ஸ்கிரிப்டின் கைரேகை பொருந்தவில்லை, அதனால் தடுத்துவிட்டேன் என்று பிரவுசர் சொல்லியிருந்தது. அண்ணி அந்தச் சின்னக் கம்பெனிக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மெயில் அனுப்பினார். மறுபடி போன் போட்டார். தேதியை ஒரு நாள் தள்ளிவைக்க முடியுமா என்று வாரியத்தைக் கேட்டார்கள். முடியாது என்று உடனே பதில் வந்தது.

'ஆச்சா' வந்து பின்னால் நின்றார். "அந்தக் கைரேகை லைனத் தூக்கிடும்மா."

"தூக்கினா யாரு எத அனுப்பினாலும் ஓடும் சார்."

"இப்ப எதுவுமே ஓடலியே. அது பரவாயில்லையா?"

"அவங்க ஏன் ஃபைல மாத்தினாங்கன்னு தெரியல சார்."

"புதுசு பண்ணியிருப்பாங்க. எல்லாரும் பண்றதுதானே. வாரியத்துக்கு நான் என்ன சொல்ல? எங்க பொண்ணு சந்தேகப்படுறா, உங்க பிள்ளைங்க அடுத்த வருஷம் படிக்கட்டும்னு சொல்லட்டுமா?"

நானும் ஹெட்செட்டின் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "அண்ணி, இவங்களுக்கு நான் என்னதான் சொல்றது?" என்றேன். வாசலில் நிற்கும் ஆட்களை எனக்குத் தெரியும். என் அப்பா எனக்காக அப்படி நின்றவர். படிக்கத் தெரியாத மனிதர், யாராவது "ஏறிடுச்சு" என்று சொல்லும்வரை அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணி அந்தச் சிவப்புச் செய்தியை மறுபடி படித்தார். பிரவுசர் தடுத்தேன் என்று சொல்வதோடு நிற்காது. வந்த ஃபைலின் கைரேகை இது என்று கணக்கிட்டு அதையும் காட்டும். ஒரே ஃபைலுக்கு வெப்சைட் பக்கத்தில் ஒன்றுக்கு இரண்டு கைரேகை எழுதலாம். எது பொருந்தினாலும் பிரவுசர் ஒத்துக்கொள்ளும். அண்ணி பழையதை அழிக்கவில்லை. சிவப்புச் செய்தியில் இருந்த கோவையை அப்படியே எடுத்துப் பழையதற்குப் பக்கத்தில் ஒட்டினார்.

"தூக்கல சார். புதுசையும் சேர்த்திருக்கேன். இதுக்கு மேல மாறினா நிக்கும்" என்றார்.

பட்டன் வேலை செய்தது.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு இது. வாசலில் நிற்கும் ஆளிடமே கைரேகை கேட்டு வாங்கி, அதையே பதிவில் எழுதிக்கொண்டு, பொருந்துகிறது என்று உள்ளே விடுவது. பூட்டை அகற்றியிருந்தால் அகற்றினோம் என்ற பயமாவது இருந்திருக்கும். அண்ணிக்குப் பூட்டு தொங்கிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் 'ஆச்சா' எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தார். புது ஃபைலைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அண்ணி சொல்லிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. திறந்தும் பார்த்தார். இடைவெளியே இல்லாமல் ஒரே வரியாக நெருக்கி எழுதியிருந்தார்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டு, "நாளைக்குப் பாக்கலாம் டிகிரி, தலை வெடிக்குது" என்றார். மறுநாள் வேறு ஏதோ அவசரம். அதற்கடுத்த நாளும்.

கல்லூரி ஒதுக்கீடு வெளியான பிறகு என் போனில் வேறு மாதிரிக் குரல்கள் வரத் தொடங்கின. முதல் விருப்பமாக நான் போட்டது இந்தக் கல்லூரி இல்லை என்றார்கள். இப்படிக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எங்களிடம் தயாராக ஒரு கேள்வி இருந்தது: உங்கள் பாஸ்வேர்டை யாரிடமாவது கொடுத்தீர்களா?

ஒரு பெண் கூப்பிட்டாள். அழவில்லை. நிதானமாகப் பேச முயன்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, நான் வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற காலேஜ்தான் முதல்ல போட்டேன். எங்கப்பா பக்கத்துல நின்னாங்க. இப்ப வெளியூர் காலேஜ் முதல்ல இருக்கு."

"பாஸ்வேர்ட யார்கிட்டயாவது குடுத்தீங்களா?"

"இல்லக்கா. அப்பாகிட்டகூடச் சொல்லல. இங்க பிரச்சனை என்னன்னா..." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எங்க தெருப் பையன் ஒருத்தன் அந்த வெளியூர் காலேஜ்ல சேர்ந்திருக்கான். அப்பா நான்தான் மாத்தினேன்னு சொல்றாங்க. உன் பாஸ்வேர்ட்ல வேற யாரு மாத்துவான்னு கேக்குறாங்க. நான் மாத்தலன்னு யாராவது அப்பாகிட்டச் சொல்லுங்கக்கா. படிப்பே வேணாம்னுட்டாங்க."

நான் அவள் எண்ணைக் குறித்துக்கொண்டு, என் சொந்த எண்ணையும் கொடுத்தேன். தலையைத் தூக்கினால், தடுப்புக்கு மேலே அண்ணி எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"எத்தனை பேருகிட்ட இந்தக் கேள்வியைக் கேட்டே?"

"காலையிலேர்ந்து இதேதான் அண்ணி."

அவர் உட்கார்ந்து பழைய ஃபைலையும் கடைசி நாளில் வந்த ஃபைலையும் எடுத்து அருகருகே வைத்தார். இரண்டும் அவர் கம்ப்யூட்டரிலேயே இருந்தன. மதியம் சாப்பிட வரவில்லை. அந்த ஒற்றை வரியின் நடுவில், போட்டோவுக்கும் கையெழுத்துக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு துண்டு செருகியிருந்தது. விண்ணப்பிக்கிறவர் தட்டும் பெயரையும் பாஸ்வேர்டையும் அது வேறெங்கோ அனுப்பிக்கொண்டிருந்தது. அன்று இரவு கெடு முடிவதற்குள் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களின் கணக்கில் யாரோ நுழைந்து, போட்டி அதிகமான கல்லூரிகளை அவர்களுடைய விருப்பப் பட்டியலில் கீழே தள்ளியிருந்தார்கள். காலியான இடங்களை விற்கிற கூட்டம். பிறகு அந்த ஃபைலைப் பழையபடி மாற்றிவிட்டார்கள். பழைய கைரேகையும் எங்கள் வெப்சைட் பக்கத்தில் இருந்ததால் அதுவும் பொருந்தியது. அதனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

"பழைய ஃபைல் என்கிட்டயே இருந்துச்சு" என்று அண்ணி சொன்னார். "அத அப்படியே நம்ம பக்கத்துக்குள்ளயே வெச்சு ஓட்டியிருக்கலாம். அரை மணி நேர வேலை. எனக்குத் தோணவே இல்ல டிகிரி."

அதை அன்று மட்டும் சொல்லவில்லை. பஸ்ஸில் சொன்னார், சோறு பரிமாறும்போது சொன்னார். அண்ணன் ஒரு நாள் பொறுக்க முடியாமல், "தோணலன்னா தோணல, விடேன். எத்தனை தடவ அதையே நசுக்குவே?" என்று கத்திவிட்டு, பிறகு அவனே எழுந்துபோய் அவருக்கு டீ போட்டுக்கொண்டு வந்தான். சர்க்கரை போட மறந்துவிட்டான். அண்ணி அதையும் கவனிக்காமல் குடித்தார்.

'ஆச்சா'விடம் இரண்டு ஃபைலையும் காட்டியபோது யாராவது கேட்கிறார்களா என்று அவர் சுற்றிலும் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர்.

"இத வெளிய சொன்னா வாரியம் நம்மளத் தூக்கிடும். இங்க இருக்கிற எல்லார் வீட்டு அடுப்பும் இதுலதான் எரியுது. உன் நாத்தனாரும் இங்கதான் சம்பளம் வாங்குறா."

"அந்தப் பிள்ளைங்க?"

"பாஸ்வேர்ட மாத்தச் சொல்லலாம்."

"சீட்டு போயிடுச்சே சார். பாஸ்வேர்ட மாத்தி என்ன பண்றது?"

"ஒட்டினது உன் கை. ஞாபகம் வெச்சுக்கோ."

அண்ணி ஞாபகம் வைத்துக்கொண்டார். தன் கையால்தான் நடந்தது என்று வாரியத்துக்கு எழுதினார், இரண்டு ஃபைலையும் இணைத்தார். அனுப்பும் முன் என்னிடம் காட்டினார். பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். ஒரு பிழையும் இல்லை. 'அனுப்பாதீங்க' என்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நான்கு வருடம் கல்லூரியில் படித்ததில் இந்த மாதிரி நேரத்துக்கு ஒரு வார்த்தையாவது கற்றுக்கொண்டேனா என்று யோசித்தேன். "சரியா இருக்கு அண்ணி" என்றேன்.

வாரியம் கம்பெனியிடம் விளக்கம் கேட்டது. கம்பெனி, அப்படி எதுவும் நடக்கவில்லை, வேலையில் கவனக்குறைவுக்காகக் கண்டிக்கப்பட்ட ஊழியர் கோபத்தில் எழுதியது என்று பதில் கொடுத்தது. அண்ணி வாரியத்துக்கு எழுதியதற்கு முதல் நாள் தேதியிட்டு அவரை நீக்கினார்கள். சீசன் முடிந்துவிட்டதால் நானும் வேண்டாமென்றார்கள். விசாரணை நடக்கிறது என்று வாரியம் சொன்னது. அண்ணி வாரத்துக்கு ஒரு தடவை வாரிய அலுவலகத்துக்குப் போய், கம்பி போட்ட ஜன்னலுக்கு முன்னால் நின்று கேட்பார். "நடக்குதும்மா" என்பார் உள்ளே இருப்பவர். பல மாதங்களாக நடந்துகொண்டிருக்கிறது. சேர்க்கை முடிந்து வகுப்புகளும் தொடங்கிவிட்டன.

அந்தப் பெண் மட்டும் என் எண்ணுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "சீட்டு போனா போகட்டும்க்கா. அப்பா என் மூஞ்சியப் பாத்துப் பேசறதில்ல. அது ஒண்ணு மட்டும் சரியாயிட்டா போதும்." நான் இதை அண்ணியிடம் சொன்ன அன்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, "கிளம்பு, நானே போய்ச் சொல்றேன்" என்றார்.

அவளுடைய அப்பா வெல்டிங் பட்டறைக்காரர். வீடும் பட்டறையும் ஒன்றுதான். முன்பக்கம் இரும்புக் கம்பிகளும் பாதி முடிந்த ஒரு கேட்டும், பின்பக்கம் திரை போட்ட ஒரு அறையும். அவர் முகமூடியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டு எங்களைப் பார்த்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"கேட்டு செய்யணுமா?"

"இல்லைங்க. உங்க பொண்ணு விஷயமா வந்திருக்கோம்."

அவர் முகம் இறுகியது. அண்ணி நின்றபடியே சொன்னார். ஃபைல், கைரேகை எல்லாவற்றையும் விட்டுவிட்டு எளிமையாகச் சொன்னார். "நான்தாங்க அந்தப் பக்கத்தைச் செஞ்சவ. நான் பண்ணின தப்பால திருட்டுப் பசங்க உள்ள வந்துட்டாங்க. உங்க பொண்ணு எதையும் மாத்தல. அவமேல சத்தியமா ஒரு தப்பும் இல்ல."

"அந்த வெப்சைட் நடத்துற ஆபீஸுக்கு நானே போனேன். இவ பாஸ்வேர்ட்லதான் மாத்தியிருக்குன்னு பிரிண்ட் எடுத்துக் காட்டினாங்க. கம்ப்யூட்டர் தானா மாத்தாதுன்னும் சொன்னாங்க."

"கம்ப்யூட்டர் மேல தப்பில்லைங்க. என்மேல."

அவர் கையுறையைக் கழற்றினார். "நீங்க அந்த ஆபீஸ்ல இருக்கீங்களா?"

"இருந்தேன். இப்ப இல்ல."

"ஏன்?"

அண்ணி சொன்னார். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஏதோ மாறுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இளகுகிறது என்றுதான் நினைத்தேன்.

"ஏம்மா, தப்பா நினைக்காதீங்க" என்றார். "நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. ஆபீஸ் ஒண்ணு சொல்லுது. ஆபீஸ்லேர்ந்து நீக்கின ஆள் நீங்க வந்து வேற சொல்றீங்க. என் பொண்ணு போன் பண்ணித்தானே வந்தீங்க? அவ உங்கள ஏற்பாடு பண்ணி அனுப்பியிருந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குக் கோபம் வந்தது. "நாங்க எதுக்குங்க பொய் சொல்லணும்? இவங்களுக்கு இதுல என்ன லாபம்? வேலையே போச்சு!"

"எனக்கும் நம்பத்தான் ஆசைம்மா." கையுறையைப் பாதி முடிந்த கேட்டின் மேல் வைத்தார். "பெத்தவன் நான். ஆனா ஆசைக்காக நம்பினா நாளைக்கு அவ சொல்றத எல்லாம் நம்பணும். அந்த ஆபீஸ்லயோ வாரியத்துலயோ எழுதி, சீல் வெச்சு, இந்தப் பொண்ணு மாத்தலன்னு ஒரு தாள் கொண்டு வாங்க. அன்னைக்கே அவ கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்குறேன். அடுத்த வருஷம் கடன ஒடன வாங்கியாவது படிக்க வெக்கிறேன்."

திரை விலகியது. அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். நான் குரலை வைத்துக் கற்பனை செய்திருந்ததைவிடச் சின்னவள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அப்பாவைப் பார்க்கவில்லை, அண்ணியை மட்டும் பார்த்தாள்.

"தாள் கொண்டு வருவீங்களா அக்கா?"

"கொண்டு வரேன்மா" என்றார் அண்ணி.

எப்படிக் கொண்டுவருவார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. திரும்பி வரும் வழியில் நான் அதைக் கேட்டேன். "தெரியாம ஏன் அண்ணி வாக்குக் குடுத்தீங்க?" பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் வெளியே பார்த்தபடி இருந்தார். "முடியாதுன்னு சொல்லியிருக்கணுமா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே என்னிடம் பதில் எதிர்பார்த்துக் கேட்டார்.

இப்போது அண்ணி ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறார். அவர் வேலைக்கு விண்ணப்பித்த வேறு கம்பெனிகள் பழைய கம்பெனியிடம் விசாரித்துவிட்டு மறுபடி கூப்பிடுவதில்லை. விடுப்பு நாளில் வாரியத்தின் ஜன்னலுக்குப் போகிறார். சில நாள் நானும் கூடப் போகிறேன். ஒருமுறை, உள்ளே இருந்தவர் மாறியிருந்ததால், முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். புது ஆள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க யாரும்மா? மாணவியோட அம்மாவா?" என்றார். "இல்லைங்க" என்றார் அண்ணி. "அப்போ சம்பந்தப்பட்டவங்களை வரச் சொல்லுங்க." அந்த மனிதருக்குக் கோபமில்லை, அலட்சியமுமில்லை. அவருக்குத் தெரிந்த விதி அது, அவ்வளவுதான். அண்ணி அங்கிருந்து நகராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் நான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

அந்தப் பெண் இப்போது அதிகம் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் எங்களிடம் ஒன்றும் கேட்பதில்லை. பட்டறையில் அப்பாவுக்குக் கணக்குப் பார்க்கிறேன் என்கிறாள். பேசுகிறாரா என்று கேட்டேன். "வேலை விஷயமா மட்டும்" என்றாள்.

அடுத்த வருட விண்ணப்பம் திறந்துவிட்டது. அண்ணி கொண்டு வருவதாகச் சொன்ன அந்தத் தாள் இன்னும் கிடைக்கவில்லை.